வாவிக்கரையில் சிக்கனம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. மேற்கே படுவான்கரையில் நெல் வேளாண்மையும், கிழக்கே எழுவான்கரையில் மீன்பிடியும் வணிகமும் முதன்மையானவை. வயல்கூலியும் மீன்பாடும் பருவத்தோடு ஏறி இறங்குவன.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலுக்குச் செல்லும் இயந்திரப் படகுகளுக்கு அது பேரடி. வாவியில் தோணி வலித்து வீச்சுவலை போடுவோருக்கு எரிபொருட் செலவில்லை. ஆனால் அரிசி, மா விலையேற்றம் அவர்களையும் விடவில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

இத்தகைய காலத்தில் மிஞ்சிய மீனைக் கருவாடாக்குவது, அறுவடை நெல்லில் வீட்டுக்கு ஒதுக்குவது, வளவில் முருங்கையும் மரவள்ளியும் நடுவது ஆகியன செலவைக் குறைக்கும். அன்றாடச் சாப்பாட்டுக்கு வட்டிக்கடன் வாங்கினால் இந்தச் சேமிப்பெல்லாம் தவணையிலேயே கரைந்துவிடும். வரவுள்ள பருவத்திலேயே வரவில்லாத மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பதே சிக்கனத்தின் முதற்படி.