ராத்திரி ஆனா அரிக்குதா பாஸ்?

பகல் முழுக்க லேப், கேன்டீன்னு ஓடிடும். ராத்திரி லைட்டை அணைச்சுப் படுத்ததும்தான் கச்சேரி ஆரம்பம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி, இடுப்புல பேன்ட் இறுக்குற இடம்... சொறியச் சொறிய சுகமா இருக்கும், விடிஞ்சா எரியும். ஹாஸ்டல்வாசிகளே, 'மெஸ் கத்திரிக்காய் ஒத்துக்கலை', 'போர்வெல் தண்ணி சரியில்லை'ன்னு தள்ளிப் போடாதீங்க. அது ஸ்கேபீஸா இருக்கலாம். பாட்டி பாஷையில சொன்னா, சிரங்கு.

வில்லன் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எட்டுக்கால் பூச்சி. பெண் பூச்சி நம்ம தோலோட மேலடுக்குல சுரங்கம் தோண்டிக்கிட்டே தினமும் 2, 3 முட்டை வைக்கும். (சிவில் டிபார்ட்மென்ட் கவனிக்க!) பொதுவா ஒருத்தர் உடம்புல 10, 15 பூச்சிதான் இருக்கும். அதுக்கா இவ்வளவு அரிப்பு? பூச்சியும் அதோட கழிவும் ஒத்துக்காம நம்ம உடம்பு பண்ற கலாட்டாதான் அது. 1687-லயே பொனோமோ, செஸ்டோனின்னு ரெண்டு இத்தாலிக்காரங்க மைக்ராஸ்கோப்ல பார்த்து 'இவன்தான் ஆளு'ன்னு சொல்லிட்டாங்க.

விஷயமே இனிமேதான். முதல் தடவை தொத்தினா, அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் ஆளு ஜம்முன்னு இருப்பான், ஆனா அடுத்தவனுக்குப் பரப்பிக்கிட்டு இருப்பான். அதனால நாலு பேர் ரூம்ல ஒருத்தன் சொறியும்போது, மத்த மூணு பேரும் "எனக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்றதுக்கு அர்த்தமே கிடையாது.

எங்க ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல இது மூணு ரவுண்டு போச்சு. ஒருத்தனுக்குச் சரியாகுறப்போ அடுத்தவனுக்கு ஆரம்பிக்கும். 'குளிக்காத கேஸு'ன்னு பேரு வந்துடுமேன்னு யாரும் வாயைத் திறக்கலை. செமஸ்டர் நேரத்துல நாலு பேருக்கும் தூக்கம் போச்சு. கடைசியில ஒரு சீனியர் அண்ணன்தான் மொத்தப் பேரையும் ஒரே ஆட்டோவுல அடைச்சு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

இத்தனைக்கும் குளியலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ரெண்டு வேளை குளிக்கிறவனுக்கும் வரும். தோலோட தோல் ரொம்ப நேரம் ஒட்டியிருந்தா தொத்தும். ஒரே பெட்ல படுக்கிறது, துண்டு, லுங்கியை மாத்திக்கிறதுன்னு நம்ம பாச மழையும் ஒரு ரூட்டு.

டாக்டர் பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 சதவிகித க்ரீம் எழுதுவார். அரிக்கிற இடத்துல மட்டும் பொட்டு வெச்சா வேலைக்கு ஆகாது. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரைக்கும், நக இடுக்கு, தொப்புள், வெளியே சொல்லக் கூச்சப்படுற இடம் எல்லாத்துலயும் ராத்திரி தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழிச்சுக் குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரை தருவாங்க. அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015-ல நோபல் பரிசே கிடைச்சது. முக்கியமா, ரூம்ல எல்லாரும் ஒரே ராத்திரி மருந்து போட்டாகணும். பெட்ஷீட், துண்டு, கடைசி மூணு நாள் போட்ட துணி எல்லாம் நல்ல சூடான வெந்நீர்ல துவைக்கணும். துவைக்க முடியாததை பாலிதீன் பையில ஒரு வாரம் கட்டி வைங்க. மனுஷ உடம்பு கிடைக்கலைன்னா பூச்சி 2, 3 நாளுக்கு மேல தாங்காது. ரூம் முழுக்க மருந்து அடிச்சு மூச்சு முட்ட வேண்டாம்.

பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கலாம், பதற வேண்டாம். ஆனா, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப்"னு மெடிக்கல்ல கேட்டு வாங்குறீங்களே, அங்கேதான் ஆபத்து. பல ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு அடங்கும், பூச்சி ஜாலியா குடித்தனம் பண்ணும். அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாம போகலாம்.

மெத்தைத் தையல்ல கறுப்புப் புள்ளியும், உடம்புல வரிசையா தடிப்பும் இருந்தா, அது மூட்டைப்பூச்சி. தலையணைத் தூசியில இருக்குற பூச்சியோ கடிக்கவே கடிக்காது, தும்மல், இளைப்புதான் கொடுக்கும்.

நடுவுல லீவுக்கு ஊருக்குப் போயிருந்தா அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. அங்கேயும் எல்லாரும் மருந்து போட வேண்டியிருக்கும். வீட்டுல கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா, உங்க ட்யூபை நீட்டாதீங்க. அவங்களுக்கு எது, எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும்.