தனியாக ஒரு காபி

46 வயதுவரை நான் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்ததில்லை என்றால் நம்புவீர்களா? அந்தக் காலத்துக் காபி கிளப் எல்லாம் ஆண்கள் கூடும் இடம். "பொம்பளை ஒத்தையில போய் உக்காந்தா நாலு பேரு என்ன நெனப்பாவ?" என்பார்கள் என் அத்தை.

போன மாதம் டவுனிலிருந்து பஸ் ஏறி, சுலோசன முதலியார் பாலம் தாண்டி, பாளையங்கோட்டைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகுமாம். வெயிலோ மண்டையைப் பிளந்தது. எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புதுக் காபிக் கடை. வாசலில் இரண்டு தடவை நடந்துவிட்டு, வருவது வரட்டும் என்று நுழைந்துவிட்டேன்.

விலைப் பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்றுதான்: எஸ்பிரஸ்ஸோ. கல்யாண வீடுகளில் மெஷினில் 'புஸ்' என்று நுரை எழுப்பி, சாக்லேட் தூள் தூவித் தருவார்களே, அது என்று நினைத்தேன். வந்ததோ சொப்புச் சாமான் மாதிரி ஒரு குட்டிக் கோப்பை. அதில் கறுப்பாக இரண்டு மடக்கு!

வெட்கத்தை விட்டு அங்கிருந்த பையனிடம் கேட்டேன். "அசல் எஸ்பிரஸ்ஸோ இதுதாம்மா. பால் சேர்த்தா கப்புச்சினோ" என்றான். நைசாக அரைத்த தூளில் வெந்நீரை அழுத்தமாகச் செலுத்தி, அரை நிமிஷத்தில் சுமார் 30 மில்லி இறக்குகிறார்கள். அட, நம் வீட்டு முதல் டிகாஷன்தானே! சூடான பால் வாங்கிக் கலந்து ஆற அமரக் குடித்தேன். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று வந்தது. "காபி எப்போ குடிப்பீங்க?" என்றார் டாக்டரம்மா. இட்லியோடும், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடும் என்றேன். அதுதான் தப்பாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் காபி, டீ தடுக்குமாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இவை வேண்டாம் என்கிறது. நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டக்கூடாது. 150 மில்லி காபியிலேயே 80 முதல் 120 வரை இருக்கிறது. இரும்பு மாத்திரையையும் காபியோடு விழுங்காதீர்கள், சகோதரிகளே!

இப்போது என் காபி பதினோரு மணிக்குத்தான். அடுப்படியில் நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து. கடைக்குப் போன கதையை அத்தையிடம் பயந்துகொண்டே சொன்னேன்.

"ஏட்டி, அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்கள்!