இணையம் நிறுத்தப்பட்ட ஐந்து நாட்கள்

எட்டயபுரத்தைத் தாண்டித் தூத்துக்குடி போகும் சாலையில், இரண்டு பக்கமும் கரிசல் காடு விரிந்து கிடக்க, நடுவே வருகிறது எப்போதும்வென்றான். ஓட்டப்பிடாரம் வட்டத்து ஊர். 2018 மே கடைசியில் இந்த வட்டாரத்தின் மீதே ஓர் உத்தரவு வந்து விழுந்தது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி மே 22 அன்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் 13 பேர் செத்தார்கள். மறுநாள் தமிழக உள்துறை, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் தேதி வரை இணையச் சேவையை நிறுத்தும்படி உத்தரவிட்டது. வதந்தி பரவாமல் தடுக்கத்தான் என்று சொல்லப்பட்டது.

தன் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று ஒரு தாய் தேடும் நேரம் அது. சரியான செய்தி போய்ச் சேரும் வழியை அடைத்துவிட்டால் வதந்திக்குத்தான் கொண்டாட்டம். அதிலும், துப்பாக்கிச் சூடு நடந்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கன்னியாகுமரிக்காரர்கள் செய்த தப்பு என்ன? உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் இந்தத் தடை வழக்காகப் போனது.

இணையம் இல்லாவிட்டால் ஃபேஸ்புக் பார்க்க முடியாது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் கோவில்பட்டியை நினைத்துப் பார்க்கலாம். அங்கிருந்து வடமாநிலங்களுக்குப் போகும் தீப்பெட்டிச் சரக்கு லாரியில் ஏற வேண்டுமென்றால் இ-வே பில் வேண்டும். வெளிமாநிலச் சரக்குக்கு அதைக் கட்டாயமாக்கியது அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல். அதைப் பெரும்பாலும் இணையத்தில்தான் எடுக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வும் முதல் முறையாக ஆன்லைனுக்கு மாறிய ஆண்டு அது. விண்ணப்பம் போடும் மாதமே மே. எல்லாவற்றையும் ஆன்லைனில் செய் என்று சொல்லும் அரசே ஆன்லைனை நிறுத்தினால், கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் மார்க் ஷீட்டோடு நிற்கும் கிராமத்துப் பிள்ளை எங்கே போவது?

இணையத்தை நிறுத்தும் இந்த அதிகாரம் நேற்று வந்ததல்ல. 1885இல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, பொது அவசரம், பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் தகவலை ஒட்டுக் கேட்கவும் நிறுத்தவும் அரசுக்கு உரிமை கொடுத்தது. கப்பல் விட்ட ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. 1908 மார்ச்சில் கைதானதும், அதே ஆண்டு எட்டயபுரத்து பாரதி புதுச்சேரிக்குப் போக வேண்டி வந்ததும், அங்கிருந்து வந்த ‘இந்தியா’ பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைய முடியாமல் நின்று போனதும் அந்த ஆட்சியின் காலத்தில்தான். ஆட்சி போனது, சட்டம் போகவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த தொலைத்தொடர்பு இடைநிறுத்த விதிகளுக்கும் அதே தந்திச் சட்டம்தான் அடிப்படை. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. ஒட்டுக் கேட்பதும் நிறுத்துவதும் அதிலும் 20ஆவது பிரிவாகப் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. அரசு போனை ஒட்டுக் கேட்பதற்கு 1996இல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். காஷ்மீர் இணையத் தடை தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட்டாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூலையில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. லஞ்சப் புகார் ஒன்றில் ஒரு நிறுவன அதிகாரியின் போனை ஒட்டுக் கேட்க 2011இல் மத்திய உள்துறை கொடுத்த உத்தரவை நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். குற்றத்தைத் துப்புத் துலக்க வசதியாக இருக்கிறது என்பதற்காகக் காதை வைக்க முடியாது. பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இருந்தால்தான் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடைப்பது ஒன்று, ஒட்டுக் கேட்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இதை முதலில் அனுப்பியது யார் என்று தோண்டுவது. அந்த விவாதம் சூடுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனு, வாட்ஸ்அப் தகவலின் முதல் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியில் வந்து நின்றது. அனுப்பியவரின் அடையாளத்தைத் தகவலோடு சேர்த்தே அனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், முதல் ஆளைக் கண்டுபிடித்துச் சொல்வதைப் பெரிய செய்திப் பரிமாற்றத் தளங்களுக்குக் கட்டாயமாக்கின. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024இல் சொன்னது.

இதில் சிக்கல் எங்கே? திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பிக்குக் கோவில்பட்டியிலிருந்து அக்கா அனுப்பும் சேதி, அவள் போனிலேயே பூட்டப்பட்டு அவன் போனில்தான் திறக்கிறது. இடையில் வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது. எந்தச் சேதி நாளைக்குப் பிரச்சினையாகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே ஒருத்தரைப் பிடிக்க வேண்டுமானால், அக்காவும் தம்பியும் பேசுவது உட்பட எல்லாச் சேதியிலும் முன்கூட்டியே முத்திரை குத்தி வைத்தாக வேண்டும். குழந்தைக் கடத்தல் வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கவலை நிஜமானது. அதற்காகக் கோடிக்கணக்கானவர்களை முன்கூட்டியே சந்தேகப் பட்டியலில் வைப்பது நியாயமாகாது.

பூட்டு இருந்தும் போனுக்குள்ளேயே புகுந்துவிடும் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் வேறு இருக்கிறது. 2021இல் அந்த விவகாரம் வெடித்தபோது உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. குழு சோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீங்கு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதைத் தலைமை நீதிபதியே 2022இல் நீதிமன்றத்தில் குறிப்பிட்டார். ஒட்டுக் கேட்கிறவன் யார் என்று கேட்பவனுக்கே பதில் இல்லாத நிலை இது.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. இணையம் எங்கே, எத்தனை முறை நிறுத்தப்பட்டது என்ற கணக்கு மத்திய உள்துறையிடமும் இல்லை, தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை என்று 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதி வைத்தது. கணக்கே இல்லாதபோது, நிறுத்தியதால் கலவரம் நின்றதா என்பதை யார் சொல்ல முடியும்?

வாசகர்கள் இன்றே செய்யக் கூடியவை சில உண்டு. வாட்ஸ்அப் அரட்டைகள் கூகுள் டிரைவில் காப்பாகச் சேமிக்கப்படும்போது தானாகப் பூட்டப்படுவதில்லை. அமைப்புகளில் போய் நாமே அதைப் பூட்ட வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள். உங்கள் ஊரில் இணையம் நிறுத்தப்பட்டால் உத்தரவின் நகலைக் கேளுங்கள். 2024 நவம்பரில் வந்த புதிய தொலைத்தொடர்பு இடைநிறுத்த விதிகளின்படி அந்த உத்தரவு காரணம், இடம், காலம் மூன்றையும் சொல்லி வெளியிடப்பட வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. வெளியிடாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்துறைக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள்.