43 வருஷம் முன்னாடியே வந்த இசை: ரூட் லாங்கோர்

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படம் பார்த்தவங்களுக்கு அந்த ஒலி ஞாபகம் இருக்கும். மெலடி கிடையாது, தாளம் கிடையாது. ஒரு பெரிய ஒலி மேகம் அப்படியே மிதந்துக்கிட்டு இருக்கும். ஜியோர்ஜி லிகெட்டி 1961-ல் எழுதின படைப்பு அது. ஆனா இன்னிக்கு நாம பேசப்போறது லிகெட்டியைப் பத்தி இல்லை. அதே மாதிரியான ஒரு யோசனையை 1918-லேயே எழுதி முடிச்ச ஒரு டேனிஷ்காரரைப் பத்தி.

அவர் பேர் ரூட் லாங்கோர். 1893-ல் கோபன்ஹேகனில் பிறந்தார். அம்மா, அப்பா ரெண்டு பேருமே பியானோ கலைஞர்கள். அப்பா, லிஸ்ட் கிட்டயே பாடம் படிச்சவர். பையனுக்கு 11 வயசு இருக்கும்போது, 1905-ல், கோபன்ஹேகன் மார்பிள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து அரங்கேற்றம். 19 வயசுல, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடுற அவரோட முதல் சிம்பொனியை பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. வருஷம் 1913. இதுக்கு மேல ஒரு ஆரம்பம் யாருக்கு வேணும்?

அப்புறம் 1916-லிருந்து 1918 வரைக்கும் 'கோளங்களின் இசை' எழுதினார். பாட்டு, கோரஸ், ஆர்கன், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, அது போக தூரத்திலிருந்து கேட்க இன்னொரு சின்ன ஆர்க்கெஸ்ட்ரா. பியானோவைத் திறந்து, உள்ளே இருக்கிற கம்பிகளை நேரடியா மீட்டச் சொல்கிறார். முக்கியமா, இந்த இசை கதை மாதிரி முன்னே நகராது. ஒரே இடத்தில் நின்று மினுங்கும்.

1921-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஒரு தடவை, அடுத்த வருஷம் பெர்லினில் ஒரு தடவை வாசித்தாங்க. அவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தவரை மூணாவது தடவை நடக்கவே இல்லை. 'ஆண்டிகிறிஸ்ட்'னு ஒரு ஆபரா எழுதினார். கோபன்ஹேகன் ராயல் தியேட்டர் வேண்டாம்னு சொல்லிடுச்சு.

இந்த இடத்தில் 'காலத்தை மிஞ்சிய மேதை'ன்னு சொல்லி முடிச்சுடலாம். அது பாதி கதைதான். 1925 வாக்கில் லாங்கோர் அப்படியே யூ-டர்ன் போட்டு, 19ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் பாணிக்குத் திரும்பிட்டார். டென்மார்க்கோ அந்தப் பாணியைத் தாண்டி கார்ல் நீல்சன் பின்னாடி போய்க்கிட்டு இருந்தது. அதாவது, முதல்ல ரொம்ப சீக்கிரம் வந்தார், அப்புறம் ரொம்ப லேட்டா வந்தார். ரெண்டு தடவையும் அரங்கம் காலி.

வயித்துப்பாட்டுக்கு அவருக்குத் தெரிஞ்ச வேலை தேவாலய ஆர்கன் வாசிப்பு. ஒவ்வொரு இடமா விண்ணப்பம் போட்டார், திரும்பத் திரும்ப நிராகரிப்பு. கடைசியில் 1940-ல், 46 வயசுல, ரீபே பேராலயத்தில் வேலை கிடைச்சது. ரீபே டென்மார்க்கோட மேற்குப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன, பழமையான ஊர். தலைநகரின் இசை வட்டத்திலிருந்து ரொம்ப தூரம்.

அங்கேயும் எழுதுறதை நிறுத்தலை. ஆனா இசை விநோதமா மாறிடுச்சு. 11ஆவது சிம்பொனி மொத்தமே சுமார் ஆறு நிமிஷம். அதில் கூடுதலா நாலு ட்யூபா. 1948-ல் 'கார்ல் நீல்சன், நமது மாபெரும் இசையமைப்பாளர்'னு ஒரு கோரஸ் எழுதினார். தலைப்புதான் முழுப் பாட்டும். 32 அளவுகள் முடிஞ்சதும் திரும்ப முதல்லேருந்து, நித்தியத்துக்கும் பாடணும்னு குறிப்பு. நம்ம பாஷையில் சொன்னா, பிரேக் இல்லாத இன்ஃபினிட் லூப். முதல் தடவை படிச்சப்ப சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை. நீல்சன் இறந்து அப்போ 17 வருஷம் ஆச்சு. இவர் காதுல மட்டும் அந்தப் பேர் ஓயாம ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

1952-ல், 59 வயசு நிரம்புறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ரீபேயிலேயே இறந்தார். விட்டுட்டுப் போனது 16 சிம்பொனிகள் உட்பட 400-க்கும் மேற்பட்ட படைப்புகள்.

1968-ல் ஸ்டாக்ஹோமில் புது இசையைத் தேர்வு செய்யும் ஒரு நடுவர் குழு கூடுச்சு. அதில் லிகெட்டியும் இருந்தார், டேனிஷ் இசையமைப்பாளர் பெர் நோர்கோரும் இருந்தார். நோர்கோர் சத்தமில்லாம, கட்டுக்கு நடுவில் 'கோளங்களின் இசை' நோட்டைச் சொருகி வைத்துட்டார். அதைப் புரட்டிப் பார்த்த லிகெட்டி அசந்துபோய், தெரியாமலேயே நான் இந்த ஆளைக் காப்பி அடிச்சிருக்கேன்ங்கிற அர்த்தத்தில் வேடிக்கையா சொன்னாராம். 'ஆண்டிகிறிஸ்ட்' 1999-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் முதல் தடவையா மேடை ஏறியது.

நல்ல வேலை தானா வெளியே வரும்னு நாம நம்புறோம். லாங்கோர் விஷயத்தில் அது தானா வரலை. இன்னொரு ஆள் எடுத்துச் சொருக வேண்டியிருந்தது. அப்பவும் அவர் இறந்து 16 வருஷம் ஆயிடுச்சு.

புதுசா கேட்கிறவங்க 11ஆவது சிம்பொனியில் ஆரம்பிங்க, ஆறு நிமிஷம்தானே. அப்புறம் ஒரு ராத்திரி, ஹெட்ஃபோன் மாட்டி, லைட்டை அணைச்சுட்டு 'கோளங்களின் இசை' கேளுங்க. பிடிச்சிருந்தா இன்னொருத்தருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.