ஓர் ஆய்வு போதுமா?

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது, ஒவ்வொரு மாணவரையும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டச் சொல்வது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவிக்கு எட்டு முறை தலை விழுந்தது. "சார், இந்தக் காசுல தலைதான் அதிகமா விழும்" என்றாள். அருகில் இருந்த மாணவனுக்கு மூன்றே தலை. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது பேரின் முடிவுகளையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டினோம். 400-க்கு 203 தலை. வாக்குவாதம் நின்றது.

மருத்துவ ஆய்வுகளிலும் இதே நிலைதான். சிலரை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வில் தற்செயலின் பங்கு அதிகம். ஓர் ஆய்வு 'பலன் உண்டு' என்னும். மற்றொன்று 'தெளிவில்லை' என்னும். எதை நம்புவது?

ஓர் உண்மை நிகழ்வைப் பார்ப்போம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. மூச்சுத்திணறலால் பலர் இறந்தனர். குறைப்பிரசவம் ஆகக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும் என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர்கள் 1972-இல் வெளியிட்டனர். விலை குறைந்த மருந்து அது. தொடர்ந்து வேறு இடங்களிலும் ஆய்வுகள் நடந்தன. தனித்தனியே பார்த்தபோது அவற்றில் பலவற்றின் முடிவு தெளிவாக இல்லை. அதனால் பெரும்பாலான மருத்துவர்கள் அந்த ஊசியைப் பயன்படுத்தவில்லை.

அவற்றை முறையாகத் தொகுத்த முதல் திறனாய்வு 1989-இல்தான் வெளிவந்தது. சேர்த்துப் பார்த்தபோது, குழந்தை இறக்கும் வாய்ப்பை அந்த ஊசி 30 முதல் 50 விழுக்காடு வரை குறைப்பது தெரிந்தது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் பிழைத்திருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைகளை உலகம் இழந்திருக்கக்கூடும்.

ஆய்வுகளைத் தொகுத்துத் தரவேண்டும் என வலியுறுத்தியவர் பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன். அவர் பெயரில் 1993-இல் தொடங்கிய அமைப்பின் சின்னத்திலேயே இந்த ஊசியின் கதை இருக்கிறது. ஒவ்வொரு கிடைக்கோடும் ஓர் ஆய்வு. நடுவில் உள்ள செங்குத்துக் கோடு 'வேறுபாடு இல்லை' என்பதைக் குறிக்கும். அதைத் தொடும் கோடு, தெளிவான முடிவு தராத ஆய்வு. கீழே உள்ள வைர வடிவம் எல்லாவற்றின் கூட்டு முடிவு; அது நடுக்கோட்டைத் தொடாமல் விலகி நிற்கிறது.

தொகுப்பது என்றால் வெறும் கூட்டல் அல்ல. முதலில் கேள்வியை வரையறுக்க வேண்டும். வெளியிடப்படாதவை உட்பட எல்லா ஆய்வுகளையும் தேட வேண்டும். தரத்தைச் சோதிக்க வேண்டும். பெரிய ஆய்வுக்குக் கூடுதல் எடை தர வேண்டும். என் வகுப்பில் எட்டுத் தலை விழுந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாதகமானவற்றை மட்டும் பொறுக்கினால் தொகுப்பும் பொய் சொல்லும்.

இந்தச் சின்னத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியபோது அதே மாணவி கேட்டாள்: "முன்னாடியே கூட்டிப் பார்த்திருந்தா அந்தக் குழந்தைங்க பிழைச்சிருக்கும்ல சார்?" ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

'ஆய்வில் கண்டுபிடிப்பு' என்று நம் கைப்பேசிக்குச் செய்தி வராத நாளில்லை. அடுத்த முறை வரும்போது மாணவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை பேரிடம் செய்தது? எதனோடு ஒப்பிட்டது? மற்ற ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நாணயம் சுண்டிய வகுப்பு இதை எளிதில் புரிந்துகொள்ளும்.