கதை என்ஜினும் கும்மிடிப்பூண்டி லேத் பட்டறையும்

சிறுவர் கதைகளில் ஓடும் ரயில் என்ஜின்களைச் சிறிய அளவில் உலோகத்தில் செய்து ஓட்டிப் பார்க்கும் கலை, பார்வைக்கு விளையாட்டாகத் தெரிந்தாலும், கடைசல் பிடிப்பவர், அரம் போடுபவர், உலோகம் வார்ப்பவர் ஆகிய மூவரின் கைத்திறனையும் ஒருசேரச் சோதிக்கும் கடினமான தேர்வாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளும் ஃபவுண்டரிகளும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவின் சிறு பட்டறைகளும் நாள்தோறும் செய்யும் வேலைகள் இந்தக் கலைக்கு அப்படியே பொருந்துகின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது திருவள்ளூர் வழியாகவே சென்றது. ரயிலோடு இத்தனை காலப் பழக்கமும் இத்தனை பட்டறைகளும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கலை ஒரு தொழிலாக வேர்விடவில்லை என்பது எளிதில் கடந்துவிடக் கூடிய செய்தி அல்ல.

கதை என்ஜினைச் செய்ய உட்காருபவருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல், அதற்கு வரைபடம் கிடையாது என்பதே. உண்மையான என்ஜினுக்குப் பணிமனையின் அளவுப் படங்கள் இருக்கும். கதை என்ஜினுக்கு ஓவியர் வரைந்த படங்கள் மட்டுமே இருக்கும், அவையும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். இங்கிலாந்தின் பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி 1945இல் தொடங்கிய ரயில் கதை வரிசை இதற்கு நல்ல சான்று. அதில் வரும் ஹென்றி என்னும் பச்சை என்ஜினை ஓவியர் இன்னொரு என்ஜினின் சாயலிலேயே வரைந்துவந்ததால் குழப்பம் நீண்டது. 1951இல் வந்த நூலில் ஹென்றி விபத்துக்குள்ளாகி, பிரிட்டனில் உண்மையிலேயே ஓடிய ‘பிளாக் ஃபைவ்’ வகை என்ஜினின் வடிவில் திருத்திக் கட்டப்பட்டதாக எழுதி ஆட்ரி அதைத் தீர்த்தார். நல்ல கதை என்ஜின் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உண்மை என்ஜின் இருக்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார்.

ஆட்ரி எழுத்தாளர் மட்டும் அல்லர், மாதிரி செய்பவரும்கூட. மகனுக்காக மரத்துண்டுகளைக் கொண்டு அவர் செய்த பொம்மையிலிருந்தே தாமஸ் என்னும் நீல நிற என்ஜின் 1946இல் நூலுக்கு வந்தது. பின்னாளில் தாமஸ் ஓடும் கிளைப்பாதையை மேசை அளவில் அமைத்து அவர் கண்காட்சிகளுக்கும் எடுத்துச் சென்றார். அந்த நீல என்ஜினுக்கு அடிப்படையாகக் கருதப்படும் ‘இ2’ வகையில் 1913க்கும் 1916க்கும் இடையே 10 என்ஜின்கள் மட்டுமே கட்டப்பட்டன. அவற்றில் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை, எல்லாம் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. ஓர் என்ஜின் வகையின் உருவத்தை உலகுக்குக் காத்துக் கொடுத்தவை மாதிரி செய்தவர்களின் கைகளே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்தக் கதைகளை வைத்து 1984இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் சுமார் கால் நூற்றாண்டுக் காலம் உண்மையான சிறு என்ஜின்களைத் தண்டவாளத்தில் ஓட்டியே படமாக்கப்பட்டது. கணினி வரைகலை அந்த இடத்தைப் பிடித்தது பிறகுதான்.

இந்தக் கதை உலகில் தமிழ்நாட்டு என்ஜினும் ஒன்று உண்டு. 2016இல் வெளியான ‘தி கிரேட் ரேஸ்’ திரைப்படத்தில் இந்தியாவிலிருந்து வரும் ஆஷிமா என்னும் என்ஜின், நீலகிரி மலை ரயிலின் ‘எக்ஸ்’ வகை நீராவி என்ஜினை அடிப்படையாகக் கொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகமண்டலம் வரையும் திறக்கப்பட்ட அந்தப் பாதை 46 கிலோமீட்டர் நீளமுடையது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம் ஏறுகிறது. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் அந்த ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல் வரிசையை என்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஆப்ட் முறை எனப்படும் இந்த அமைப்பில் இரண்டு பல் வரிசைகள் ஒன்றுக்கொன்று விலக்கி வைக்கப்படுவதால், எந்தக் கணத்திலும் ஒரு பல்லாவது பிடியை விடாது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டப்பட்ட எக்ஸ் வகைக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு ஓடும் சக்கரங்களையும், மற்ற இரண்டு பல்சக்கரத்தையும் இயக்குகின்றன.

கடையில் விற்கும் ஆஷிமா பொம்மையில் அந்தப் பல்சக்கரம் இல்லை. என்ஜினின் உயிர்நாடியான உறுப்பை விட்டுவிட்டு வண்ணத்தையும் முகத்தையும் மட்டும் குழந்தையின் கையில் கொடுப்பதில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கக் கூடிய பட்டறைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. எக்ஸ் வகை என்ஜின் ஓடுவது மீட்டர் கேஜ் பாதையில். அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். அதை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 44.4 மில்லிமீட்டர் வரும். உலகெங்கும் மாதிரி ரயிலுக்குப் பயன்படும் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அது சிரமமின்றி ஓடும். 1984இன் தொலைக்காட்சி என்ஜின்கள் ஓடியதும் இதே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான்.

வேலையின் நுணுக்கத்தை அறியப் புகைபோக்கி ஒன்றே போதும். பித்தளைக் கம்பியை லேத்தில் கட்டி வெளிவடிவத்தைக் கடைந்துவிடலாம். ஆனால் புகைபோக்கியின் அடிப்பகுதி உருளையான கொதிகலன் மீது இடைவெளியின்றி உட்கார வேண்டும் என்பதால், அடியைக் கொதிகலனின் வளைவுக்கே குடைந்து, விளிம்பு முன்னும் பின்னும் ஒரு விதமாகவும் பக்கங்களில் இன்னொரு விதமாகவும் சரிந்து இறங்குமாறு அரத்தால் தேய்த்தெடுக்க வேண்டும். அந்தச் சரிவை அளந்து சொல்லும் கருவி சிறு பட்டறையில் இருக்காது. கண்ணும் விரல்நுனியுமே அளவுகோல். சக்கரங்களைப் பொருத்துவதும் அப்படியே: ஒரு பக்கத்துக் கிராங்க் முளைக்கும் மறுபக்கத்து முளைக்கும் இடையே சரியாக 90 பாகை இருக்க வேண்டும், ஓர் அச்சில் மட்டும் அது சற்றுப் பிசகினாலும் இணைப்பு ராடு இறுகி என்ஜின் நின்றுவிடும்.

வார்ப்பு வேலைக்கும் இதே நுணுக்கம் உண்டு. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், மணலில் அச்சுப் பதிக்க உதவும் ‘பேட்டர்ன்’ என்னும் மரவடிவத்தை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செதுக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, பித்தளைக்கு அதைவிடக் கூடுதல். மணலிலிருந்து கலையாமல் வெளியே எடுக்கப் பக்கங்களுக்கு இலேசான சாய்வும் வேண்டும். இவற்றைக் கணக்கிட்டு மரம் செதுக்கும் பேட்டர்ன் ஆசாரி ஃபவுண்டரித் தொழிலின் அடித்தளம் என்றால் மிகையில்லை.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஜாப் ஒர்க் எனப்படும் கூலிக்கான உற்பத்தி, ஒரே உறுப்பை ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்கிறது. தானியங்கி எந்திரத்தில் உறுப்பை மாட்டி, பொத்தானை அழுத்தி, கழற்றி அடுக்கும் இளைஞருக்கு அந்த உறுப்பு எதன் பகுதி என்றுகூடத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் பாடம் படித்து அரத்தால் சதுரம் தேய்த்துப் பழகிய கை, ஒப்பந்த வேலைக்குப் போன பின் அரத்தைத் தொடாமலேயே ஆண்டுகளைக் கழிக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த இந்த அறிவு நூல்களில் இல்லை. மூத்தவர் பக்கத்தில் இளையவர் நின்று பார்த்தால்தான் அது கைமாறும். அப்படி நிற்பதற்கான காரணம் பட்டறையில் அற்றுப் போனால், ஒரு தலைமுறைக்குள் அந்த அறிவும் அற்றுப் போகும்.

முப்பரிமாண அச்சு எந்திரம் சில மணி நேரத்தில் முழு என்ஜினையும் பிளாஸ்டிக்கில் எடுத்துத் தரும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. முகம், விளக்கு போன்ற சிறு உறுப்புகளுக்கு அந்த எந்திரம் நல்ல துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உராய்ந்து சுழலும் அச்சுக்கும், சுமை தாங்கும் பல்சக்கரத்துக்கும் உலோகம் வேண்டும். அந்த உலோகத்தை வசப்படுத்தும் கையும் வேண்டும்.

அந்தக் கை தமிழ்நாட்டில் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. 1855இல் கட்டப்பட்ட ஃபேரி குயின் என்ஜின் 1997இல் மீண்டும் ஓடத் தொடங்கியதற்குப் பெரம்பூர் லோகோ பணிமனையின் வேலையே காரணம். நீலகிரிப் பாதைக்கான புதிய எக்ஸ் வகை நீராவி என்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலேயே கட்டித் தந்திருக்கிறது. முழு அளவு என்ஜினையே கட்டும் திறன் மாநிலத்தில் இருக்கும்போது, அதன் 22.5இல் ஒரு பங்கைக் கட்டுவது எட்டாத செயல் அல்ல.

கதைப் பாத்திரத்தின் முகத்தோடும் பெயரோடும் விற்பதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கதைக்கு அடிப்படையான நீலகிரி என்ஜினை மாதிரியாகச் செய்து, அதற்குத் தமிழில் ஒரு புதிய கதையையும் பெயரையும் சூட்ட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்து ஐ.டி.ஐ.கள் இறுதியாண்டுச் செய்முறைப் பணியாகப் பல்சக்கரத்துடன் கூடிய எக்ஸ் வகை மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பட்டறை உரிமையாளர்கள் ஓய்வுபெற்ற பேட்டர்ன் ஆசாரிகளையும் ஃபிட்டர்களையும் வாரத்தில் ஒரு நாளாவது அந்த மாணவர்களுக்குச் சொல்லித்தர அழைக்கலாம். அந்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைத் தொடங்கியாக வேண்டும்.