சிலிண்டர் இருக்கிறது, எரிவதோ விறகு

கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை ரமணாசிரமம் பகுதியில் வீடு கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டவரும் வெளிமாநிலத்தவரும் வந்து தங்கும் காலம் இது. செங்கம் சாலையின் இருபுறமும் உள்ள தெருக்களில் மாடி அறைகள் நிறைந்துவிடும். அந்த வீடுகளில் பெருக்கி, துவைத்து, சமைத்துக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றியிருக்கும் காலனிகளிலிருந்து வரும் நம் பெண்கள். காலையில் அங்கே போய் லைட்டரைத் தட்டி, நீல நெருப்பில் ஓட்ஸ் கஞ்சியும் சப்பாத்தியும் செய்கிறார்கள். சாயங்காலம் வீடு திரும்பி, மூன்று கல் அடுப்பில் சுள்ளியை ஒடித்து வைத்து ஊதுகிறார்கள்.

அவர்கள் வீட்டில் கேஸ் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. சிலிண்டர் மூலையில் நிற்கிறது. அடுப்பின் மேல் ஒரு துணி விரித்து உப்பு டப்பாவும் சாமி படமும் வைத்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் டீ போட, பிள்ளைக்கு அவசரத்துக்குப் பால் காய்ச்ச, மழை நாளில் விறகு நனைந்துவிட்டால் சோறு வடிக்க என்று அளந்து அளந்து எரிக்கிறார்கள். குளிக்க வெந்நீர் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மார்கழிப் பனியில் பிள்ளை பெற்றவளுக்கும் வயசானவர்களுக்கும் வெந்நீர் வைக்க வாசலில் விறகடுப்புதான். "கேஸ் இருக்குது, கேஸுக்குத் துட்டுதான் இல்ல" என்ற பேச்சை நாங்கள் எந்தக் காலனிக்குப் போனாலும் கேட்கிறோம்.

துட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2020 மே மாதம் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 569 ரூபாய் 50 காசு. 2023 மார்ச்சில் அது 1,118 ரூபாய் 50 காசு. மூன்றே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாயும், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு 2024 மார்ச் 8 மகளிர் தினத்தன்று 100 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏற்றி, சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆக்கினார்கள். திருவண்ணாமலையில் இதிலிருந்து சில ரூபாய் முன்பின் இருக்கும். சிலிண்டரை மேலே தூக்கிக் கொண்டு வருகிறவருக்குக் கொடுக்கும் காசு தனி. அந்த வண்டி பல காலனிகளுக்குள் வருவதே இல்லை என்பதும் தனிக் கதை. தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவார்கள், பெண்கள் இடுப்பில் வைத்துத் தூக்கி வருவார்கள்.

நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26க்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதை அளவு குறைக்காமல் முழுசாகக் கொடுத்தாலும், ஒரு சிலிண்டருக்கு இரண்டரை நாள் கூலிக்கு மேல் போய்விடும்.

விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் உலகச் சந்தை என்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. நம் சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். நாட்டின் தேவையில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. சவுதி அரம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலைதான் இங்கே அடிப்படை. அமெரிக்காவிலும் வேறு குளிர் நாடுகளிலும் வீட்டைச் சூடாக்கவே புரொப்பேனை எரிக்கிறார்கள். அங்கே பனி கொட்டினால் சந்தையில் விலை ஏறும். டன் 385 டாலராக 2023 ஜூலையில் இருந்த சவுதி விலை 2025 பிப்ரவரியில் 629 டாலர் ஆனது என்றும், அப்படியும் வீட்டுச் சிலிண்டர் விலையைக் குறைத்தோம் என்றும் ஒன்றிய அரசு கணக்குச் சொல்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் நட்டத்தை ஈடுகட்ட 2022இல் 22,000 கோடியும் 2025இல் 30,000 கோடியும் ஒதுக்கியது. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் 2020இல் கொரோனா சமயத்தில் உலக விலை சரிந்தபோது, இனி மானியம் தேவைப்படாது என்று நிறுத்தினார்களே, விலை மறுபடி ஏறியபோது அந்த மானியம் எங்கே போனது? சாதாரண இணைப்பு வைத்திருந்த ஏழை வீட்டுக்கு அது திரும்பி வரவே இல்லை.

இங்கேதான் நம் மாவட்டத்துத் தலித் வீடுகள் ஒரு பொறியில் மாட்டியிருக்கின்றன. உஜ்வாலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கப்பட்டது. 2018இல் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உஜ்வாலா இணைப்பு இருந்தால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். ஆனால் வீட்டில் யார் பேரிலும் ஏற்கனவே இணைப்பு இருக்கக் கூடாது என்பது விதி. தமிழ்நாட்டில் 2007 முதல் கலைஞர் ஆட்சியில் இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தார்கள். நல்ல திட்டம். நம் தாய்மார்கள் பலர் முதன்முதலாக நீல நெருப்பைத் தங்கள் வீட்டில் பார்த்தது அதில்தான். அப்படி வாங்கியவர்கள் இன்று எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் 'பொது நுகர்வோர்'. ஆசிரமம் பக்கத்தில் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டவருக்கும், அந்த மாடிப்படியைத் துடைக்கும் பெண்ணுக்கும் சிலிண்டர் ஒரே விலை. முன்கூட்டியே ஏழை என்று அடையாளம் காணப்பட்டதற்குக் கிடைத்த தண்டனை இது.

உஜ்வாலா கிடைத்தவர்கள் நிலையும் பெரிய வாழ்வில்லை. முதலில் முழு விலையையும் எண்ணி வைக்க வேண்டும். 300 ரூபாய் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். வாரக் கூலி வாங்கும் வீட்டில் ஒரே நாளில் அவ்வளவு பணம் என்பது மகளிர் குழுத் தவணையைத் தள்ளிப்போட்டால்தான் முடியும். கைரேகை சரிபார்ப்பும் கட்டாயம். களை எடுத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரலை அந்த மெஷின் எத்தனை முறை வைத்தாலும் ஏற்காது. ஆண்டுக்கு 12 சிலிண்டருக்கு இருந்த மானியத்தை 2025-26இல் 9 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாடு முழுக்க உஜ்வாலா வீடுகள் 2024-25இல் சராசரியாக வாங்கியதே நாலரை சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் என்று வைத்தால், ஆண்டில் ஐந்து மாதத்துக்கு மேல் விறகில்தான் சோறு பொங்கியிருக்கிறது.

சரி, விறகில் பொங்கினால் என்ன, நம் அம்மா காலத்தில் பொங்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். புகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்: வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதைவிட நாங்கள் கேட்க நினைப்பது வேறு. அந்த விறகு யாருடையது?

நிலம் இல்லாதவருக்கு மரமும் இல்லை. அம்மா காலத்தில் விறகு என்பது ஆண்டையின் வரப்பிலும் கொல்லையிலும் இருந்தது. அறுப்புக்குப் போனவள், களை எடுத்தவள், வேலை முடிந்து போகும்போது கேட்டு, அவர் தலையசைத்தால் ஒரு கட்டு கட்டிக்கொண்டு வரலாம். மறுநாள் கூலி குறைத்தால் வாய் திறக்க முடியாது. திறந்தால் வரப்பில் கால் வைக்க முடியாது. ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் தகராறு வந்தால் முதலில் மூடப்படும் வழிகளில் விறகுக்குப் போகும் வழியும் ஒன்று. ஆடு மேய்க்கவும் தண்ணீருக்கும் என்ன கதையோ அதே கதை. கேஸ் அடுப்பு வந்தபோது நம் பெண்களுக்குப் புகை மட்டும் குறையவில்லை, இந்தக் கேட்டு நிற்பதும் குறைந்தது. விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அவர்களைத் திரும்ப அந்த வரப்புக்கே அனுப்புகிறார்கள்.

வரப்பு வேண்டாம், மலைக்குப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையில் பல ஆண்டுகளாகப் பலர் உழைத்து மரம் நட்டுப் பசுமையாக்கியிருக்கிறார்கள். கோடையில் தீ பிடித்தால் போய் அணைக்கிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் செத்த பிறகு, மலையில் ஒரு செடியையும் தொடக் கூடாது என்றே நாங்களும் சொல்கிறோம். ஆனால் தலையில் சுள்ளிக்கட்டோடு இறங்கும் கிழவியை வனத்துறைக்காரர் நிறுத்தும்போது, அவள் வீட்டுக் காலி சிலிண்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மிச்சம் இருப்பது ஏரிக்கரை வேலிகாத்தான். அதையும் வேரோடு அகற்ற நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, அரசின் கொள்கையும் இருக்கிறது. நிலத்தடி நீருக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். அதை எரித்துச் சமைத்தவர்கள் இனி எதை எரிப்பார்கள் என்று அந்தக் கொள்கையை எழுதியவர்கள் யோசித்தார்களா? மண்ணெண்ணெயும் ரேஷனில் நின்றுபோன மாதிரிதான்.

ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீட்டைக் காட்டும் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. ஏழைகளுக்கு எரிவாயு இணைப்பு என்ற செலவை அதிலும் காட்டியிருக்கிறார்கள். அதாவது நம் பேரில் எழுதப்பட்ட பணம். இணைப்புக் கொடுத்ததோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதில் எத்தனை வீடு இந்த மாதம் சிலிண்டர் வாங்கியது என்று எங்கேயும் எழுதுவதில்லை.

மாநில அரசும் கை கழுவ முடியாது. சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது தி.மு.க. இன்னும் வரவில்லை. தெலங்கானாவில் 2024 பிப்ரவரி முதல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 500 ரூபாய்க்குச் சிலிண்டர். பக்கத்தில் புதுச்சேரி 2023இல் மானியம் அறிவித்தது. இங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமே போட்டாயிற்று. அந்த நிதியில் இந்தச் செலவு சேராது என்று யாராவது காரணத்தோடு சொல்லட்டும், கேட்கிறோம்.

கிரிவலப் பாதையை ஒட்டிய காலனிகளின் பெண்கள் திங்கள்கிழமை மனுநாளில் ஆட்சியரைப் பார்க்கப் போகிறார்கள். மனுவில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கிறோம். பழைய இலவச அடுப்புத் திட்டத்தில் இணைப்பு வாங்கிய ஆதிதிராவிடர் குடும்பங்களை உஜ்வாலா மானியத்தில் சேர்க்க மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வாசலில் வாங்க வேண்டும். சிலிண்டர் வண்டி காலனிக்குள் வர வேண்டும். வருகிறவர்கள் கேஸ் புத்தகமும் வங்கிப் பாஸ்புத்தகமும் ஜெராக்ஸ் எடுத்து வரவும். ரேகை விழாதவர்கள் ஆதார் அட்டையையும் கையோடு கொண்டு வரவும். அங்கேயே தனியாகப் பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.